பேட்டுக்காரரே!

சித்தெ தள்ளி உக்காருங்க அம்மிணி, இடிச்சுக்கப் போவுது. உங்களுக்கில்லீங்க, இதுக்குச் சொல்றேன். இந்த டிரைவரு பிரேக்குப் போட்டா நாம ரெண்டு பேரும் கம்பியப் புடிச்சுக்குவோம். இது எதப் புடிச்சுக்கும்?

மேல வெக்கறதுங்களா? வேண்டாமுங்க. கண்டக்டரும் அதையேதான் சொன்னாரு. மேல வெச்சா உருளும், கீழ வெச்சா யாராச்சும் மிதிப்பாங்க. மடியிலயே இருக்கட்டும். காங்கயம் என்ன சீமையிலயா இருக்குது? கைக்கொழந்தையா இருந்தா மடியில வெச்சுட்டுப் போக மாட்டமா.

இதுங்களா? முருங்கக்காய்ங்க.

சிரிக்காதீங்க. எங்கூட்டுக்காரருகிட்ட அப்படித்தான் சொல்லிப்போட்டு வந்தேன், வாயி அதையே சொல்லுது. திருப்பூர்ல எங்கண்ணன் மக இருக்கறா, அவளுக்கு முருங்கக்காய் கொண்டுபோறேன்னு சொன்னேன். உங்ககிட்ட மறைக்கறதுக்கென்ன, நீங்க வெள்ளகோயில் போற ஆளு, நான் காங்கயத்துல எறங்கிருவேன். பேட்டுங்க. கிரிக்கெட்டு பேட்டு. அவருது. அடியில வெடிச்சுப் போச்சு. ஒட்டறதா, இல்ல ஆடுனது போதும்னு ஓய்வு குடுத்தர்றதான்னு பத்து நாளா இதே நெனப்பு. திருப்பூர்ல பேட்டு ரிப்பேரு பண்ற பாய் ஒருத்தரு இருக்கறாருன்னாங்க. காட்டீட்டு வர்றேன்.

அவருக்கா? அம்பத்தி மூணு வயசாச்சு. ஆமாங்க, இன்னும் ஆடறாரு. நீங்க இப்படி வாயில கை வெப்பீங்கன்னு தெரிஞ்சுதான் நான் வெளிய சொல்றதே இல்ல.

பேருங்களா? அத நான் எப்படிங்க சொல்றது. 'நாச்சி'ன்னு ஆரம்பிக்கும், 'முத்து'ன்னு முடியும், நடுவுல ஒண்ணுமில்ல. நீங்களே சேத்துக்குங்க. இந்தக் காலத்துப் பிள்ளைக புருசன வாடா போடாங்குது. எங்கம்மா எனக்கு அப்படிச் சொல்லித் தரல. கல்யாணமான நாள்ல இருந்து 'ஏனுங்க'தான். அவரும் என்னைய 'ஏம்புள்ள'ம்பாரு. அதுல ஒரு கொறையும் இல்ல. ஊட்டுக்குள்ள ரெண்டே பேரு, 'ஏனுங்க'ன்னா வேற யாரு வரப்போறா?

சங்கடமே வெளியிலதாங்க. அதச் சொல்றேன்.

எங்கூட்டுக்காரரு தேங்காப்பருப்புக் களத்துல மேஸ்திரி. காங்கயம் பக்கம் பாத்திருப்பீங்க, தேங்காய ஒடச்சு வெயில்ல காயப்போட்டிருப்பாங்க, ஊரு அகலத்துக்குச் சிமெண்டுத் தளம். அந்த மாதிரி பழைய களம் ஒண்ணு சும்மா கெடக்குது. ஞாயித்துக்கெழமையானா பசங்க அங்கதான் ஆடுவாங்க. டென்னிஸ் பந்து. எல்லாம் மில்லுக்குப் போறவன், செல்போன் கடை வெச்சிருக்கறவன், காலேஜு முடிச்சுட்டுச் சும்மா இருக்கறவன். அதுக்கு நடுவுல தலை நரைச்ச இவரு.

எப்படிச் சேத்துக்கிட்டாங்கன்னுதானே கேக்கறீங்க? பேட்டுங்க, பேட்டு. எங்கண்ணன் லாரி ஓட்டறான். எண்ணெ லோடு ஏத்தீட்டு பஞ்சாப்புப் பக்கம் போனவன்கிட்ட, 'அங்க கம்பளி நல்லா இருக்குமாமா, ஒண்ணு வாங்கீட்டு வாண்ணா'ன்னு சொல்லி விட்டேன். வந்தான். கம்பளி இல்ல. மாப்பளைக்குன்னு இந்தப் பேட்டக் கொண்டாந்து நீட்டறான். 'அங்க இதான் புள்ள பேமஸு'ங்கறான். பத்து வருசத்துக்கு மேல ஆச்சு, அந்தக் கம்பளி இன்னும் வரல. மார்கழி வந்தா நான் இன்னிக்கும் பழைய போர்வைதான் போத்தறேன். இந்தா, இதச் சுத்தியிருக்கறனே, இதே போர்வைதான்.

பசங்ககிட்ட இருந்ததெல்லாம் கடையில விக்கற லேசான பேட்டு. இது வந்ததும் எல்லாருக்கும் கண்ணு இதுமேல. அவங்க ஆட்டத்துல ஒரு சட்டம் இருக்குதுங்க. சின்னப்பிள்ளைல இருந்து எல்லாத் தெருவுலயும் இருக்கற சட்டந்தான். பேட்டு யாருதோ அவருக்குத்தான் மொத ஆட்டம். அவர வெளிய உக்கார வெக்கவும் முடியாது, கடைசியில எறக்கவும் முடியாது. கோவிச்சுட்டு பேட்டத் தூக்கீட்டுப் போயிட்டா ஆட்டமே நின்னுருமில்ல? அப்படி உள்ள போனவருதான். அன்னில இருந்து அவருக்குக் களத்துல பேரே பேட்டண்ணன். நான் பேட்டக்கா. அசிங்கமா இல்ல? காய்கறிக் கடையில, ரேசன் கடையில, 'பேட்டக்கா, நல்லா இருக்கீங்களா'ன்னு கேப்பானுக. எனக்கு எரிச்சலா வரும்.

நானா? எனக்குக் கிரிக்கெட்டுன்னா ஒண்ணுந் தெரியாதுங்க. புடிக்கவும் புடிக்காது. ஞாயித்துக்கெழம போறது எதுக்குன்னா, இந்த மனுசன் வெயில்ல நின்னு மயக்கம் போட்டு விழுந்துட்டா யாரு பாக்கறது? மோரு கொண்டுபோவேன். குடுத்துட்டு வந்தர்லாம், ஆனா சொம்பு திரும்ப வேணுமில்ல? அதுக்காக ஆட்டம் முடியற மட்டும் இருப்பேன். மத்தபடி அங்க என்ன நடக்குதுன்னு நான் கண்ணெடுத்துப் பாக்கறதில்ல. அவரு அந்த ஆப் ஸ்டெம்புக்கு வெளிய போற பந்தத் தொட்டுத் தொட்டுதான் அவுட்டாவறாரு. விட்டுறலாம் அத. வெளிய போற பந்துதானே, அது பாட்டுக்குப் போவுது, இவருக்கென்ன? சொன்னாக் கேக்கறதில்ல. சுழல்பந்துக்கு முன்னங்கால நல்லா நீட்டி வெப்பாரு, அது மட்டும் அழகா இருக்கும். என்னமோ, எனக்கென்ன தெரியும்.

அவரு ஆட்டம் டொக்கு ஆட்டம்ங்க. டொக்குன்னா தெரியுமில்ல? ஓங்கி அடிக்கிறதில்ல, பந்து வந்தா பேட்டச் சும்மா முன்னால வெக்கறது. டொக்குன்னு ஒரு சத்தம் வரும், பந்து அங்கியே விழுந்து கெடக்கும். ரன்னு வராது, அவுட்டும் ஆவ மாட்டாரு. மத்தவன் எல்லாம் சுத்து சுத்துன்னு சுத்தீட்டுப் போயிருவான், இவரு மட்டும் ஒரு பக்கம் நின்னுட்டே இருப்பாரு. ஓடவும் மாட்டாரு. அதாங்க எனக்கு ஆத்தாமை. எதுத்தாப்புல இருக்கறவன் பாதி தூரம் ஓடி வந்திருப்பான், இவரு பேட்ட ஊனீட்டு ஆகாசத்தப் பாத்துட்டு நிப்பாரு.

நான் மொத மொதல்ல களத்துக்குப் போன அன்னிக்கு இதேதான் நடந்துச்சு. பந்து தூரமாப் போவுது, அந்தப் பக்கம் இருக்கறவன் ஓடியாறான், இவரு நிக்கறாரு. எனக்குப் பொறுக்கல. எந்திரிச்சு நின்னு, 'ஏனுங்க! ஓடுங்க!'ன்னு ஒரு சத்தம் போட்டேன். அவ்வளவுதான் அம்மிணி. களத்துல இருந்த அத்தன ஆம்பளைகளும் திரும்பீட்டாங்க. அம்பயரு திரும்பறாரு, பந்து எடுக்கப் போனவன் திரும்பறான், ரோட்டுல சைக்கிள்ல போனவரு எறங்கியே நின்னுட்டாரு. ஓடி வந்துட்டிருந்தவனும் நின்னு என்னையப் பாக்கறான். இவரு மட்டும் திரும்பல. ரெண்டு பேரும் ஒரே பக்கம் நின்னு, ஒருத்தன் அவுட்டு. அந்த எதிர் டீம் பசங்க அடுத்த வாரம் வரைக்கும் 'ஏனுங்க ஓடுங்க'ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சானுக.

அப்புறம் என்ன பண்றது? பேரச் சொல்லிக் கத்த முடியுமா? அடுத்த தடவை அவரு நின்னுட்டிருந்தப்ப வாயில தானா வந்துச்சு: 'பேட்டுக்காரரே! ஓடுங்க!' பட்டுனு திரும்பிப் பாத்தாரு அம்மிணி. என்னையத்தான் பாத்தாரு. அப்புறம் ஓடுனாரு. ஓட்டம்னா பெரிய ஓட்டமில்ல, பஸ்ஸப் புடிக்கற மாதிரி கூட இல்ல, ஏதோ நடந்தாரு. ஆனா திரும்பிப் பாத்தாரு.

அதுக்கப்புறம் ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம கூப்புடுவேன். ஓடலீன்னா கூப்புடுவேன், ஓடுனாலும் கூப்புடுவேன். மோரு குடிக்கக் கூப்புடுவேன். என்னமோ, அப்படிச் சத்தமாக் கூப்படறது தொண்டைக்கு நல்லா இருந்துச்சுங்க. ஊட்டுக்குள்ள ஏனுங்க, ஏனுங்கன்னு மெல்லமாவே பேசிப் பேசித் தொண்டை கட்டிக் கெடந்திருக்கும்போல.

பேட்டு எப்படி வெடிச்சுச்சுன்னு கேக்கவே இல்லீங்களே நீங்க?

போன ஞாயித்துக்கு முந்துன ஞாயிறு. உங்க வெள்ளகோயில் டீம்தாங்க வந்திருந்துச்சு. உங்க ஊரக் கொற சொல்றேன்னு நெனச்சுக்காதீங்க, ஆனா அந்தப் பந்து போடற பையன் யாரு, உசரமா, ஒரு காதுல கடுக்கன் போட்டவன்? அவனுக்கு நல்ல புத்தியே இல்ல. கடைசி ஓவரு. நாலு ரன்னு வேணும். மத்தவன் எல்லாம் அவுட்டாயிப் போயிட்டான், இவரு மொதல்ல எறங்குன ஆளு, டொக்கு வெச்சுக்கிட்டு இன்னும் நிக்கறாரு. ஒரு பந்து, டொக்கு. ரெண்டாவது, டொக்கு. மூணாவதும் டொக்கு. களமே தலையில கை வெச்சுட்டு உக்காந்திருக்குது. நான் சும்மா ஒரு வார்த்தை சொன்னேன்: 'டொக்கு வெச்சது போதும், தூக்கி அடிங்க பேட்டுக்காரரே!' சும்மாதாங்க சொன்னேன். அதுக்காக யாராச்சும் அடிச்சுருவாங்களா? பந்து எங்க வருதுன்னு பாக்கவேண்டாமா?

அடிச்சுட்டாரு. பத்து வருசத்துல ஓங்காத பேட்ட ஓங்குனாரு. அந்தக் கடுக்கன் போட்டவன் நேரா காலுக்கடியில போட்டுட்டான். பேட்டு பந்து மேல பட்டுச்சோ இல்லியோ, சிமெண்டு மேல பட்டுச்சு. படீர்னு ஒரு சத்தம். பந்து பின்னால எங்கியோ ஓடி நாலு போச்சு. நாங்க ஜெயிச்சுட்டோம்! பசங்க எல்லாம் கத்தறான், குதிக்கறான், ஒருத்தன் என்ற மோருச் சொம்பத் தூக்கித் தலைல கவுத்துக்கிட்டான். இவரு மட்டும் குனிஞ்சு பேட்டத் தடவிப் பாத்துட்டு நிக்கறாரு. அடியில இருந்து மேல ஒரு சாண் நீளத்துக்குக் கோடு.

அந்தப் பையன்தான் காரணம். அப்புறம் அந்தச் சிமெண்டு. அப்புறம் இவரு அவசரம். என்ன சொல்லி என்ன.

அங்கியே கேப்டன் பையன் வந்தான். திருமூர்த்தின்னு பேரு, செல்போன் கடை வெச்சிருக்கறவன். நல்ல பையன்தான், என்ற போனுக்கு கண்ணாடி ஒட்டிக் குடுத்திருக்கறான். பேட்டத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, 'அண்ணா, இது நெம்ப ஒழைச்சிருச்சு. ரிட்டயர்மெண்டு குடுத்தர்லாம். ஊட்டு ஹால்ல அழகா மாட்டி வெச்சுக்குங்க. நாங்க டீமுக்குப் பொதுவா ஒரு பேட்டு வாங்கிக்கறோம்'னான்.

பொதுவா. கேட்டீங்களா? நீங்களே சொல்லுங்க, பொதுப் பேட்டுன்னா பேட்டுக்காரரு யாரு? யாருமில்ல. அப்ப மொத ஆட்டம் யாருக்கு? நல்லா அடிக்கறவனுக்காமா. இவருக்கு என்ன? 'அண்ணா நீங்க அம்பயரா நில்லுங்க, வெள்ளக் கோட்டு ஒண்ணு தெச்சுத் தர்றோம், உங்களுக்கு எடுப்பா இருக்கும்'ங்கறான். ஆட்டத்த விட்டு அனுப்பறதுக்குக் கோட்டு அளவெடுக்கறான் பாருங்க.

நான் அவரு வாயவே பாத்துட்டிருக்கறேன். ஏதாச்சும் சொல்லுவாரு, கோவிச்சுக்குவாருன்னு. 'செரி தம்பி'ன்னாரு. அவ்வளவுதான். ஊட்டுக்கு வந்து பேட்டத் தொடச்சு பீரோவுக்குப் பின்னால வெச்சாரு. 'போதும் புள்ள, பேட்டுக்கும் வயசாச்சு, எனக்கும் ஆச்சு'ன்னாரு. நான் என்ன சொன்னேங்கறீங்க? 'நல்லதாப் போச்சு, இனி ஞாயித்துக்கெழமையாச்சும் ஊட்டுல இருங்க'ன்னேன். இத்தன வருசமா அதத்தானே சொல்லீட்டிருக்கறேன்.

இருந்தாரு. அடுத்த ஞாயிறு ஊட்டுலதான் இருந்தாரு. காலைல இருந்து கொழாயக் கழட்டி மாட்டுனாரு, பேன் தொடச்சாரு, நான் கேக்காமயே வெங்காயம் உரிச்சாரு. பன்னெண்டு மணிக்கு வேலையெல்லாம் தீந்து போச்சு. களத்துப் பக்கமிருந்து பசங்க கத்தற சத்தம் கேக்குது. டிவி சத்தத்தக் கூட்டி வெச்சாரு. அதுல என்ன ஓடுச்சுங்கறீங்க? சாமியாரு பேசிட்டிருக்கறாரு. எங்கூட்டுக்காரரு அந்தப் பக்கமே போவ மாட்டாரு.

சாயங்காலம் தண்ணித் தொட்டி பாக்க மொட்டை மாடிக்குப் போயிட்டாரு. கீழ மோட்டாரு நிக்கல, தண்ணி வழிஞ்சு தெருவுல போவுது. நான் வாசல்ல நின்னு 'ஏனுங்க'ன்னேன். காதுல விழல. இன்னும் சத்தமா 'ஏனுங்க'ன்னேன். எதுத்த ஊட்டுக்காரரு எட்டிப் பாக்கறாரு, துணி தேய்க்கறவரு எட்டிப் பாக்கறாரு, தண்ணி கேன் போடறவரு வண்டியவே நிறுத்தீட்டாரு. செரி, எப்பவும் கூப்படற மாதிரி கூப்புடலாம்னு வாயத் தொறந்தேன். வரலீங்க. பேட்ட பீரோவுக்குப் பின்னால வெச்சுப்போட்டு மனுசன 'பேட்டுக்காரரே'ன்னு கூப்புட்டா நக்கல் பண்ற மாதிரி இருக்காதுங்களா? அது அவருக்கு எங்க போயி வலிக்கும்? ஒவ்வொரு படியா ஏறி மாடிக்குப் போயி, பக்கத்துல நின்னு, மெதுவா 'ஏனுங்க, மோட்டாரு'ன்னேன்.

எறங்கி வந்து சமையக்கட்டுல உக்காந்தனா, பொலபொலன்னு கண்ணுல தண்ணி. மூட்டு வலிங்க எனக்கு. படி ஏறவே கூடாதுன்னு டாக்டரு சொல்லியிருக்கறாரு.

இல்லீங்க, மூட்டு வலி மட்டுமில்ல. உங்ககிட்டப் பொய் சொல்லி என்ன ஆவப் போவுது. எனக்கு அவரக் கூப்புட அந்த ஒரு பேருதாங்க இருந்துச்சு.

அதுக்காக ஒட்டியே ஆவணும்னு நான் கெளம்பி வரல, மாத்தி நெனச்சுக்காதீங்க. கடைக்காரரே இனி ஒண்ணும் பண்ண முடியாதுன்னு சொல்லிட்டா மனசு ஒரு முடிவுக்கு வந்துருமில்ல? அதுக்குத்தான் வந்தேன். இவருகிட்டச் சொன்னா 'எதுக்கு வேலையத்த வேலை'ம்பாரு. அதான் முருங்கக்காய். விடியால பேட்டெடுத்து போர்வையில சுத்தி, அங்க இங்க நாலு முருங்கக்காய் நீட்டீட்டு இருக்கற மாதிரி சொருகி வெச்சேன். அவரு வந்து பாத்துட்டு, 'கட்டு சரியில்ல, இப்படிக் குடு'ன்னு வாங்கி, கயிறு போட்டு, அடிப்பக்கம் பழைய துண்டு ஒண்ணு மடிச்சு வெச்சுக் கட்டித் தந்தாரு. 'அடிப்பக்கம் கீழ இடிக்காம புடிச்சுக்க, மடியிலயே வெச்சுக்க, மேல போட்டுறாத'ன்னு நாலு தடவ சொல்றாரு. வெள்ளந்தி மனுசன். முருங்கக்காய்க்குக் கூட அம்புட்டுப் பதனம் பாப்பாரு.

பாய் கடையில என்ன நடந்துச்சு தெரியுமா? போர்வையப் பிரிச்சாரு. மொத வேலையா பேட்ட மோந்து பாத்தாரு. 'என்னம்மா இது, தலைக்குத் தேய்க்கற எண்ணெ வாசம் வருது?'ன்னாரு. தேங்காயெண்ணெதான் பாய்னேன். பேட்டுக்கு வேற என்னமோ எண்ணெ இருக்குதாம், அதத்தான் தடவணுமாம். காங்கயத்துல இருந்துட்டு நாங்க வேற என்னத்தத் தடவறது, நீங்களே சொல்லுங்க? சனிக்கெழம சனிக்கெழம அவருக்கு எண்ணெக் குளியல், அதே கிண்ணத்துல மிச்சம் பேட்டுக்கு. அவரு தடவுனா மேலாப்புலதான் நிக்கும், உள்ள ஏறாது. நான்தான் உக்காந்து உள்ளங்கைல நல்லாச் சூடு வர்ற மாதிரி தேச்சு விடுவேன். 'இத்தன எண்ணெ குடிச்ச பேட்டுல பசை எப்படிம்மா ஒட்டும்?'னு பாய் சிரிக்கறாரு. கடையில இருந்த காலேஜுப் பசங்களும் சிரிக்கறானுக.

அப்புறம் விரிசல விரலால தடவிப் பாத்துட்டு, 'காங்கயமா? முந்தாநாளு காங்கயத்துல இருந்து ஒருத்தர் போன் பண்ணி, இதே மாதிரி அடியில ஒரு சாண் விரிசல், தேறுமான்னு கேட்டாரும்மா'ன்னாரு. பாருங்க, எங்க ஊர்ல இன்னொரு மனுசனுக்கும் இதே கதி. எல்லாம் அந்தச் சிமெண்டுக் களத்தோட வேலை.

பாய் கேட்டாரு: 'ஆடறவரு எப்படி ஆடுவாரு? ஓங்கி அடிக்கற ஆளா?' வாயால சொன்னா வெளங்குமா? பேட்ட வாங்கி நின்னு காட்டுனேன். இப்படி, முன்னங்கால நீட்டி, மொழங்கைய மேல வெச்சு, தலையக் குனிஞ்சு, பந்து வர்ற வரைக்கும் பாத்து, டொக்கு. நாலஞ்சு டொக்கு வெச்சுக் காட்டுனேன். அந்தப் பசங்க கை தட்டுனானுக, கடைக்கு வெளிய ரெண்டு பேரு நின்னு பாக்கறாங்க. எனக்கு வெக்கமாப் போச்சு. பாய் மட்டும் சிரிக்காம, 'இப்படி ஆடறவருன்னா தாங்கும்மா. வெளிய நின்னு யாராச்சும் அடி, அடின்னு கத்தாம இருந்தாப் போதும்'னாரு. கரெக்டுங்க பாய்னேன். எங்க பசங்க அப்படித்தான், சும்மா கத்திக் கத்தியே மனுசன உசுப்பி விட்டுருவானுக. போயி எல்லாத்தையும் கண்டிச்சு வெக்கறேன்னு சொல்லியிருக்கறேன்.

கடைசியாத்தான் கேட்டாரு. 'ஒட்டட்டுமா? இல்ல, நல்லா இழைச்சு வார்னிஷ் அடிச்சுத் தரட்டுமா? செவுத்துல மாட்டுனா வருசக்கணக்கா அப்படியே இருக்கும். ஒட்டுனா இன்னும் எத்தன நாளைக்குன்னு சொல்ல முடியாது. ஒரு வருசமும் வரலாம், அடுத்த வாரமே போவலாம்.'

நான் பேட்டையே பாத்துட்டு நின்னேன். செவுத்துல இருந்தா பத்தரமா இருக்கும். யாரும் தொட மாட்டாங்க. தூசி தட்டி, பொட்டு வெச்சு, அவரும் அதுக்குக் கீழ உக்காந்து அந்தச் சாமியாரு பேசறதக் கேட்டுட்டு இருப்பாரு. நல்லாத்தான் இருக்கும்.

'ஒட்டீருங்க பாய்'னேன். வார்னிஷ் வாசம் எனக்கு ஆகாதுங்க, தலைய வலிக்கும்.

எண்ணெய எல்லாம் தேச்சு எடுத்து, பசை விட்டு, நூல் சுத்தி, மேல சைக்கிள் ட்யூபு போட்டு இறுக்கிக் கட்டிக் குடுத்தாரு. நாளைக்கு வரைக்கும் அவுக்கக் கூடாது, ஆட்டக் கூடாது. அதான் உங்களத் தள்ளி உக்காரச் சொன்னேன், கோவிச்சுக்காதீங்க.

பழையகோட்டை ரோடு தாண்டிட்டமா? அப்ப வந்துருச்சு. இப்ப என்ன சொல்றதுன்னுதான் யோசிச்சுட்டே வர்றேன். முருங்கக்காய் கொண்டுபோனவ முருங்கக்காயோடவே திரும்பி வர்றா. அண்ணன் மக ஊட்டுலயே மரம் இருக்குதாமா, வேண்டாம்னுட்டான்னு சொல்லிக்கறேன். நம்பிருவாரு. எதச் சொன்னாலும் நம்பற ஆளு. ஞாயித்துக்கெழம காலைல எண்ணெக் கிண்ணத்துக்குப் பக்கத்துல பேட்டச் சும்மா சாச்சு வெச்சுருவேன். அதுக்கு மேல அவரு இஷ்டம். நான் எதுலயும் தலையிடறதில்ல.

அதா, அதா நிக்கறாரு பாருங்க! அந்தக் கொய்யாப்பழ வண்டிக்குப் பக்கத்துல, நீலச் சட்டை. நான் வரச் சொல்லவே இல்ல. எந்தப் பஸ்ஸுன்னும் சொல்லல. தாராபுரம் பஸ்ஸ எட்டி எட்டிப் பாக்கறாரு, நான் அதுல எதுக்கு வர்றேன்? சன்னலச் சித்தெ தள்ளுங்க அம்மிணி.

ஏனுங்க! ஏனுங்க!

பாத்தீங்களா? கண்டக்டரு திரும்பறாரு. முன் சீட்டுப் பெரியவரு திரும்பறாரு. கொய்யாப்பழக்காரரு திரும்பறாரு, அந்தப் போலீசுக்காரரும் திரும்பறாரு. இவரு மட்டும் தாராபுரத்தையே பாத்துட்டு நிக்கறாரு.

இதச் சித்தெ புடிங்க. ரெண்டு கைலயும் புடிங்க, அடிப்பக்கம் அமுத்தாதீங்க.

பேட்டுக்காரரே! பேட்டுக்காரரே, இங்க!

திரும்பீட்டாரு. பாத்துட்டாரு அம்மிணி. என்னையப் பாத்துட்டாரு, உங்க கையில இருக்கறதையும் பாத்துட்டாரு. குடுங்க, குடுங்க, நான் எறங்கறேன். அய்யோ, இந்த மனுசன் ஓடி வர்றாரே! பஸ்ஸு நிக்கறதுக்குள்ள ஓடி வர்றாரு பாருங்க! களத்துல ஒரு நாளாச்சும் இப்படி ஓடியிருந்தா எத்தன ரன்னு வந்திருக்கும்!